இடப்பக்க இருக்கை

நின்று போகட்டும் என்று காத்திருக்கிறோம், நானும் மயில்சாமியும். ஓடிக்கொண்டிருக்கிற வண்டி நிற்க வேண்டும் என்று இப்படி ஆசைப்பட்டு உட்கார்ந்திருப்பது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. பொள்ளாச்சி உடுமலை ரோட்டில் அவருடைய ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை வெயிலில் நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டிருக்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஜக்கு நிறையத் தண்ணீர். "நல்லா சூடாகட்டுமுங்க்கா. நின்னுதுன்னா பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. அதன் ஒரு கால் கொஞ்சம் வளைந்திருக்கிறது, சாய்ந்தால் வழுக்குகிறது, அதனால் முதுகை நிமிர்த்தி, மடியில் பையை வைத்து, இன்டர்வியூவுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இன்ஜின் என்ன அழகாக ஓடுகிறது. ஒரு தும்மல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. மலையில் என்னைத் தனியாக வைத்துக்கொண்டு பொசுக்கென்று அணைந்துபோகிற வண்டி, இங்கே ஆள் பார்க்கும்போது இவ்வளவு நல்ல பிள்ளையாக ஓடினால் நான் சொல்வதை யார் நம்புவார்கள். போன தடவையும் இப்படித்தான் ஓடியது. அதற்கு முந்தின தடவையும். முதல் தடவை பெட்ரோல் பம்ப் என்றார், மாற்றினார். இரண்டாம் தடவை பிளக்கும் வயரும் என்றார், மாற்றினார். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார், அதில் ஒரு குறையும் காட்டவில்லை. ஸ்கிரீனைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்து, மெதுவாக, மரியாதையாகத்தான், "நீங்க மட்டும் தானுங்க ஓட்டறீங்க? கூட யாரும் வர்றதில்லீங்களா?" என்று கேட்டார். கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. கிளட்ச்சைச் சரியாக மிதிக்காமல் நானே அணைத்துவிடுகிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். அதற்கு வேறு ஒரு ஆளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று பார்த்தார். வேறு ஆள் இல்லை. வண்டி நின்றது என்பதற்கு நான்தான் சாட்சி, நான் மட்டும்தான். ஒருவேளை நிற்கவே இல்லையோ என்று வீட்டில் படுத்துக்கொண்டு நானே யோசித்திருக்கிறேன், அந்த அளவுக்கு ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் இப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். வால்பாறையில் லேபில் எனக்கு வேலை, ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்க்கிற வேலை. எஸ்டேட்டிலிருந்து நடந்து வருவார்கள், ராத்திரியெல்லாம் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது என்பார்கள், தொட்டுப் பார்த்தால் உடம்பு ஜில்லென்று இருக்கும். அவர்கள் முகத்தில் வருகிற அந்த வெட்கம். பொய் சொல்ல வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். குளிர் வரும்போதே வாங்க, அப்போதான் ரத்தத்தில் தெரியும் என்று நான் சொல்லி அனுப்புவேன், ஏதோ குளிர் சொல்லிவிட்டு வருவது போல. நர்ஸ் பிலோமினா அந்தப் பக்க வார்டிலிருந்து எட்டிப் பார்த்து, உள்ளே கூட்டிப்போய் ஒரு பெஞ்சில் படுக்க வைத்துவிடுவாள். இங்கனயே கிடக்கட்டும், வரும்போது வரட்டும், நான் பாத்துக்கிடுதேன் என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும். பிலோவுக்கு அது தெரிந்திருந்தது. சரி, பிலோவைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். வண்டியைப் பார். வண்டி ஓடுகிறது. ரோட்டில் இளநீர் ஏற்றிய லாரி போகிறது, வெயில் பானட் மேல் தண்ணீர் மாதிரி நெளிகிறது, மயில்சாமி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அவருக்கு வேறு வண்டிகள் இருக்கின்றன, இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து, ஒண்ணுமில்லீங்க்கா, ஓட்டுங்க, வந்தா பாத்துக்கலாம் என்று சொல்லப்போகிறார். நான் மறுபடியும் அந்த மலைக்கு இதே வண்டியில் தனியாக ஏற வேண்டும். நில்லேன். தயவுசெய்து நில்லேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போல இருக்கிறது, அப்போது நின்றது. இருமல் இல்லை, இழுப்பு இல்லை. பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தின் நடுவில் எழுந்து போனது மாதிரி. ரோட்டின் சத்தம் சட்டென்று பெரிதானது. "நின்னுடுச்சு" என்றேன். மயில்சாமி சாவியைத் திருப்பினார். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார், பிடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் எத்தனை வாரம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. ஆமாங்க்கா, நீங்க சொன்னது நெசந்தான் என்று அதில் இருந்தது. ஜக்கை எடுத்துக்கொண்டு குனிந்து, இன்ஜினுக்கு அடியில், கியர்பாக்ஸ் ஒட்டுகிற இடத்தில், கையை உள்ளே விட்டு மெல்ல ஊற்றினார். ஆவி எழுந்தது. கொஞ்சம் பொறுத்து உள்ளே வந்து சாவியைத் திருப்பினார். உடனே பிடித்துக்கொண்டது. "இதானுங்க" என்றார். "சென்சாருங்க்கா."

அவர் சொன்னதை நான் எனக்குப் புரிகிற மாதிரி அடுக்கி வைத்துக்கொள்கிறேன். இன்ஜின் சுற்றுகிறது என்பதைப் பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்காகவே அங்கே ஒரு சின்னச் சாமான் உட்கார்ந்திருக்கிறது. கட்டை விரல் அளவுதான். அது சுற்றுது, சுற்றுது என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் அனுப்பும், நெருப்புப் பொறி அனுப்பும். பழசாகிப் போனால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் சூட்டில் விட்டுப்போகும், அது பேச்சை நிறுத்திவிடும். உடனே எல்லாமே நின்றுவிடும், இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லாமலே. ஆறினால் மறுபடி பேசும். "அதனாலதானுங்க நாங்க பாக்கறப்ப எல்லாம் நல்லாருந்துது" என்று சொல்லிச் சிரித்தார். போன இரண்டு தடவைக்கு அது அவருடைய மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். கோயமுத்தூருக்குப் போன் பண்ணினார். இந்த மாடல் வருவது நின்று எத்தனையோ வருஷமாயிற்று, ஒரே ஒரு கடையில் ஒன்று கிடந்தது, பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுகிறோம் என்றார்களாம். அது வருவதற்குள் பழையதைக் கழற்றி வைக்கலாம் என்று வண்டிக்கு அடியில் போனார். போல்ட்டு துருவேறி இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, ஒருவழியாக போல்ட்டு வந்தது, சாமான் வரவில்லை. அசைத்து இழுத்ததில் தலை மட்டும் முறிந்து கையோடு வந்துவிட்டது. உடம்பு துளைக்குள்ளேயே இருந்துவிட்டது. வெளியே வந்து அந்தக் கறுப்புத் துண்டை என்னிடம் காட்டினார், அவர் முகம் வேர்த்து வாடியிருந்தது. "உள்ள விழுந்துச்சுன்னா கியர்பாக்ஸ எறக்கோணுமுங்க. பதனமா எடுக்கறேன்" என்றார். மீதித் துண்டுக்குள் ஒரு திருகாணியை இறக்கி, குறடால் பிடித்து, மயிரிழை மயிரிழையாக இழுக்க வேண்டுமாம். உள்ளே விழாமல் இருக்க வேண்டுமே என்று, அந்தச் செத்துப்போன சாமானுக்காக, ரத்தம் எடுக்கும்போது ஊசி முனையையே பார்த்துக்கொண்டிருப்பேனே, அதே மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிக்கு வெளியே தெரிந்தது அந்தக் கால்கள் மட்டும்தான்.

வெளியே வந்து கையைத் துடைத்தபோது இடப்பக்கக் கதவில் இருந்த கீறலைப் பார்த்தார். நீளமான கீறல், முன் சக்கரத்திலிருந்து பின் கதவு வரைக்கும், மண் நிறத்தில். இதென்னங்க என்றார். ஆஸ்பத்திரியில் நிறுத்தியிருந்தேன், யாரோ உரசிவிட்டார்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். எவ்வளவு சுலபமாக வந்தது. நடந்ததைச் சொல்ல வாயெடுத்தால் சொல்லி முடிக்க வேண்டியிருக்கும், சொல்லி முடித்தால் அது நடந்ததாக ஆகிவிடும். இப்போது அது எனக்குள் மட்டும்தான் நடந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காய்கறி வாங்க இறங்கி வந்துகொண்டிருந்தேன். மழை பெய்து விட்டிருந்தது, ரோடெல்லாம் இலை. ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் கிளட்ச்சை மிதித்தேன், அவ்வளவுதான், இன்ஜின் அணைந்து சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தமே இல்லை. முதலில் அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள். டயர் ஈரத்தில் உருளுகிற சத்தமும் ஒரு பறவையும். பிறகு ஸ்டீயரிங் கனத்துப் போனது. பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. விட்டு மறுபடி மிதித்தேன், கல்லை மிதித்த மாதிரி இருந்தது, பிடிக்கவில்லை. வளைவு வருகிறது. அதற்கப்பால் ஆகாயம், கீழே எங்கேயோ ஆழியாறு அணைத் தண்ணீர் ஒரு தட்டில் ஊற்றினது மாதிரி மின்னுகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன், வண்டி மலைப்பக்க மண்ணில் உரசி உரசி, கர்ரென்று ஒரு சத்தம், நின்றது. அப்புறம் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கால் பிரேக்கிலேயே இருந்தது, எடுக்கத் தெரியவில்லை. ஒரு சிங்கவால் குரங்கு சுவர் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. பைக்கில் இரண்டு பேர் வந்து நிறுத்தி, என்னாச்சுங்க, கூட யாரும் வரலீங்களா என்று கேட்டார்கள். ஒண்ணுமில்ல, காத்து வாங்கறேன் என்றேன். காத்து வாங்கறேனாம். வண்டி ஆறியதும் ஸ்டார்ட் ஆனது. கீழே இறங்கினேன், சந்தைக்குப் போனேன், முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போதும் பயமாக இருக்கிறது, வளைவு இல்லை, முருங்கைக்காய். செத்துப்போயிருக்க வேண்டியவள் முருங்கைக்காய் முற்றலா இளசா என்று பார்த்துக்கொண்டு நின்றது. அன்று சாயங்காலம் பிலோவுக்குப் போன் பண்ணினேன். அவள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கூடிவிட்டது, சொல்லச் சொல்லக் கேட்காமல் வாழைப்பழம் தின்கிறார் என்று வெகுநேரம் சொன்னாள். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வேற என்னட்டி விசேஷம் என்றாள். ஒண்ணுமில்ல என்றேன். சரி, வைக்கவா என்றாள். சரி என்றேன்.

பதினாறு பதினேழு வருஷம் ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தோம். சுலோச்சனா என்ற பெயரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் சுலோ ஆக்கினார்கள், பிலோமினாவைப் பிலோ ஆக்கினார்கள், அப்புறம் சுலோபிலோ என்று ஒரே ஆளாக ஆக்கிவிட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது, நாள் போய்விட்டது. அவளுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி வாங்கலாம் என்றது நான். இந்த வெள்ளை வண்டி அப்போதே இன்னொருத்தர் ஓட்டிப் பழகியது. கூடலூரிலிருந்து மாற்றலாகி வந்த டாக்டர் போகும்போது விற்றுவிட்டுப் போனார். நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பிலோ ஒரே ஒரு நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எனக்கு இது ஒத்துவராதுட்டி, நான் பக்கத்துல இருக்கேன், நீ ஓட்டு என்று இறங்கிவிட்டாள். அதன் பிறகு எல்லா ஞாயிறும் அவள் இடப்பக்கம், நான் வலப்பக்கம். அவளுடைய சித்தி மகன்தான் அவளுக்கு ஒரு சம்பந்தத்தைக் கொண்டுவந்தது. ஞானப்பிரகாசம், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி தவறிவிட்டார், மகள் பெங்களூரில். வயசான காலத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் வேணும்லா சுலோ என்று பிலோ என்னிடம் கேட்டாள். கேள்வி மாதிரிதான் கேட்டாள். நான் அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தேன், ஆமா, வேணும் என்று சொன்னேன். திண்டுக்கல்லுக்கு மாற்றல் வாங்கினாள். கல்யாணத்துக்கு இதே வண்டியில்தான் கூட்டிப்போய் மாதா கோவில் வாசலில் இறக்கிவிட்டேன். இளம் பச்சைப் பட்டு, தலையில் கொஞ்சமாக நரை, அதை மறைக்கக்கூட இல்லை, அழகாக இருந்தாள். கல்யாணம் முடிந்து தனியாக ஓட்டிக்கொண்டு திரும்பியபோது இடப்பக்க சீட்டில் என் கைப்பையை வைத்தேன். அன்றிலிருந்து அந்த இடம் பைக்கு. அந்தப் பக்கக் கதவை நான் திறந்தே வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"வந்துருச்சுங்க்கா" என்று மயில்சாமியின் குரல். எது வந்தது, துண்டா, பார்சலா. இரண்டுமே வந்துவிட்டன. துளைக்குள் மாட்டியிருந்த துண்டை முழுசாக எடுத்துவிட்டார், உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், பாதி வெந்த பேரீச்சங்கொட்டை மாதிரி இருந்தது. புதுசு ஒரு சின்ன அட்டைப்பெட்டியில். அதைத் துளையில் வைத்து, ஒரே அழுத்தில் டக்கென்று உட்கார்ந்ததும் அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இந்த மனுஷனும் இவ்வளவு நேரம் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். போல்ட்டை முடுக்கி, வயரைச் சொருகி, கை கழுவிவிட்டு வந்து, "ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்தர்லாமுங்க. மலையடிவாரம் வரைக்கும் போய்ச் சூடு பண்ணிட்டு வந்தர்லாம். நான் ஓட்டறேன், சத்தம் கேக்கோணும்" என்றார். நான் வழக்கம் போல வலப்பக்கம் நடந்தேன். அங்கே அவர் உட்கார்ந்திருந்தார். சுற்றிக்கொண்டு வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தேன். கீறலுக்கு நடுவில் கைப்பிடி. இழுத்தால் வரவில்லை, மண் சிக்கியிருந்தது, பலமாக இழுத்ததும் திறந்தது.

என் வண்டியில் நான் ஒரு நாளும் உட்காராத இடம். எல்லாமே இடம் மாறியிருக்கிறது. கண்ணாடியில் என் முகம் இல்லை. கைக்கு வேலை இல்லை, மடியில் வைத்துக்கொண்டேன், அப்புறம் எடுத்தேன், மறுபடி வைத்தேன். ஆனைமலை தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னை, ரோடு நேராகப் போனது, மயில்சாமி வேகமெடுத்தார். தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறார். எனக்கு ரோடு மிகவும் பக்கத்தில் வருவது மாதிரி இருந்தது, வலப்பக்கத்தில் இருந்து பார்த்த ரோடு வேறு, இது வேறு. இங்கே மரம் எல்லாம் என் தோளில் இடிக்க வருகிறது. முன்னால் வைக்கோல் லாரி. அவர் முந்த எடுத்தார். எதிரில் ஒரு பஸ், தூரத்தில்தான், நேரம் இருக்கிறது, நானாக இருந்தாலும் முந்தியிருப்பேன். ஆனால் என் வலது கால் தானாக முன்னால் போய்த் தரையை மிதித்தது, பலம் கொண்ட மட்டும், அங்கே பிரேக் இல்லை என்று தெரிந்தும். மிதித்த இடத்தில் கால் ஒரு குழியில் போய் உட்கார்ந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. லாரியை முந்தி, பஸ் கடந்து போய், அவர் இடப்பக்கம் ஒதுங்கிய பிறகு குனிந்து பார்த்தேன். காலடியில் விரித்திருந்த ரப்பர் மேட்டில் வட்டமாக ஒரு ஓட்டை. குதிகாலும் முன்பாதமும் பட்டுப் பட்டுத் தேய்ந்து, விளிம்பு மெழுகாகி, ஓட்டைக்குள் அடியில் இருக்கிற கார்ப்பெட்டும் மழுங்கிப்போய், அதற்கும் கீழே தகரம் பளபளவென்று தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலை வைத்துப் பார்த்தேன். தகரம் சுட்டது. என் காலைவிடச் சின்னக் காலின் தடம். மேலே பார்த்தேன். ஜன்னலுக்கு மேல் இருக்கிற கைப்பிடி ஒரு பக்கம் ஆணி பிடுங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில், அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், நாற்பது வளைவு ஏறி நாற்பது வளைவு இறங்கி, ஒவ்வொரு வளைவிலும் பிலோ, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஆழியாறு செக்போஸ்ட்டில் ஆரம்பித்தால் மேலே போய்ச் சேரும் வரை வாய் ஓயாது அவளுக்கு. உவரியில் அவளுடைய அத்தை வைக்கிற மீன் குழம்பு, வார்டில் யார் யாரோடு சண்டை, பிஷப் வந்தபோது மைக் வேலை செய்யாதது. மலை ஏறி முடிந்ததும் பேச்சு நின்றுவிடும், தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். பேசிக் களைத்துப் போனாள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். நான் ரோட்டைப் பார்த்தேன், கியரைப் பார்த்தேன், அவள் காலைப் பார்த்ததே இல்லை. ஓட்டுகிறவளுக்கு அது தெரிகிற இடத்தில் இல்லை.

"என்னங்க்கா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க. வேகமாப் போறனுங்களா?" என்று மயில்சாமி கேட்டார். இல்லை, நன்றாக ஓட்டுகிறீர்கள் என்றேன். அவர் வேகத்தைக் குறைத்துவிட்டார். மலையடிவாரத்தில் திருப்பி, இன்ஜினை அணைத்து, உடனே போட்டு, மறுபடி அணைத்துப் போட்டு, இனிமேல் தொந்தரவு இருக்காது என்று சொன்னார். ஒர்க்‌ஷாப்பில் அவர் இறங்கிக்கொண்ட பிறகு வண்டியை ஒரு புளியமர நிழலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். இப்போது நான் வலப்பக்கம்தான் இருக்கிறேன். இங்கிருந்து அந்த ஓட்டை தெரியவில்லை, டேஷ்போர்டு மறைக்கிறது, முழுசாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தால்தான் தெரியும். சாய்ந்து பார்த்தேன். பிறகு போனை எடுத்தேன். இந்த நேரத்துக்கு அவள் டூட்டியில் இருப்பாள், எடுக்க மாட்டாள், எடுக்காவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். எடுத்துவிட்டாள். ஏட்டி, என்ன இந்நேரம், உடம்புக்கு ஒண்ணுமில்லையே என்றாள். பின்னால் டிவி இல்லை, வார்டு சத்தம், ஒரு குழந்தை அழுகை, டிராலிச் சக்கரம், எனக்குத் தெரிந்த சத்தங்கள். வண்டி சரியாகிவிட்டது, சென்சாராம் என்று ஆரம்பித்தேன், அதை அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நடுவில் விட்டுவிட்டு,

"பிலோ, மலையில வரும்போது உனக்குப் பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

டிராலி தூரமாகப் போனது, ஒரு கதவு சாத்துகிற சத்தம், அவள் எங்கேயோ தள்ளி வந்து நின்றிருக்க வேண்டும்.

"எப்படிட்டி கண்டுபிடிச்ச?" என்றாள்.

ரப்பர் மேட்டில் இருக்கிற ஓட்டையைச் சொன்னேன். சிரித்தாள், அவளுடைய அந்த மூக்குச் சிரிப்பு. ஒவ்வொரு வளைவுக்கும் செத்துச் செத்துப் பிழைத்ததாகச் சொன்னாள். ஜெபம் சொல்ல ஆரம்பித்தால் எனக்குத் தெரிந்துவிடுமே என்று வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு வருவாளாம். சனிக்கிழமை ராத்திரியே தூக்கம் போய்விடுமாம்.

"இத்தன வருஷமும் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தனியாப் போவேல்லா" என்றாள், இதைக்கூடவா கேட்பாய் என்கிற மாதிரி.

புளியமரத்திலிருந்து ஒரு இலை கண்ணாடியில் விழுந்து ஒட்டிக்கொண்டது. வைப்பரைப் போட்டால் போய்விடும். கையை எடுக்க முடியவில்லை. அழுகைதான் வரும் என்று நினைத்தேன், வந்தது வேறு. நான் சொல்ல ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்தது, இலை, கிளட்ச்சை மிதித்தேன், சிவப்பு விளக்கு. வரிசையாக வந்தது. பிரேக் கல்லானது, ஆகாயம் தெரிந்தது, ஸ்டீயரிங்கை ஒடித்தது, மண்ணில் உரசியது, குரங்கு, பைக்காரர்கள், காத்து வாங்கறேன் என்று நான் சொன்னது. முருங்கைக்காயையும் சொன்னேன். அவள் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாளா என்று சந்தேகம் வந்து நிறுத்தினேன். மூச்சுச் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு நீ போன் பண்ணினியே" என்றாள். "விசேஷம் என்னன்னு கேட்டேனே."

"கேட்ட."

அவள் மூக்கை உறிஞ்சினாள். யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள், வாரேன் என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள். இந்த மாசக் கடைசியில் லீவு போட்டுக்கொண்டு வருகிறேன் என்றாள், அவரையும் கூட்டிக்கொண்டு, அவர் பின்னால் உட்காரட்டும் என்றாள். வருவாளோ மாட்டாளோ, அவருடைய சர்க்கரை, அவர் மகள், டூட்டி, எத்தனையோ இருக்கின்றன. வா என்றேன். "இப்போ எங்க நிக்க?" என்று கேட்டாள். பொள்ளாச்சியில் என்றேன். "வெளிச்சம் இருக்கும்போதே ஏறிரு. மெதுவாப் போ. மேல போயிட்டு எனக்குச் சொல்லு" என்றாள். வைக்கவா என்று கேட்கவில்லை. கூப்பிட்டவர்கள் மறுபடியும் கூப்பிட்டார்கள், அவள் பதில் சொல்லிக்கொண்டே நடந்தது கேட்டது, போனை அணைக்க மறந்துவிட்டாள் போல, கொஞ்ச நேரம் வார்டின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, அதைக் கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

செக்போஸ்ட்டில் ஒரு வனக்காவலர் உள்ளே எட்டிப் பார்த்து, தனியாங்க என்று கேட்டார். ஆமாம் என்றேன். அணைக்கட்டு தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. இன்ஜின் ஒரே சீராக இழுத்தது. வழக்கமாக நான் மூன்றாவது கியரிலேயே ஏற்றிவிடுகிற இடங்களில் இரண்டாவதுக்கு இறக்கினேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் வெகு தூரத்திலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், ஹாரன் அடித்தேன், உள்பக்கமாக ஒட்டித் திரும்பினேன். பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் வருகிறது என்று இந்தச் சாலையில் முதல் தடவையாகக் கவனித்தேன். ஏறும்போது பல இடங்களில் அது இடப்பக்கம்தான் வருகிறது, ஜன்னலை ஒட்டி, கீழே ஒன்றுமே இல்லாமல். எனக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து சேர்ந்துகொண்டது. டிரைவருக்கு அவசரம். ஹாரனை அடித்தார், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். அகலமான ஒரு திருப்பத்தில் ஒதுங்கி நின்று வழி விட்டேன். கடந்து போகும்போது அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, இவ்வளவு மெதுவாகவா என்று கேட்பது போல விரித்துக் காட்டினார். காலி சீட்டைப் பார்த்திருப்பார். பக்கத்தில் ஒருத்தி பயந்துகொண்டு வருகிறாள் என்று அவருக்கு எப்படிச் சொல்வது. பஸ் போகட்டும் என்று விட்டு, முதல் கியரைப் போட்டு, மெதுவாக எடுத்தேன்.